எனக்கு வாய்த்த கிறிஸ்துமஸ் அம்மா

எனக்கு நானே ஒரு வாரம் அம்மாவாக இருந்திருக்கிறேன். பதினோரு வயதில், திருப்பதியில், ஒரு கிறிஸ்தவப் பள்ளியின் ஹாஸ்டலில். பெற்ற அம்மா நகரியில் நன்றாகத்தான் இருந்தாள். இருந்தாலும் அந்த டிசம்பரில் அப்படி ஒரு பதவி எனக்குக் கிடைத்தது. கிடைத்தது என்பதைவிட, யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டேன் என்பதுதான் சரி.

நாங்கள் ஆந்திர எல்லையோரம் நகரியில் தறி ஓட்டும் குடும்பம். நைனா பவர்லூமில் நிற்பார், அம்மா நூல் சுற்றுவாள். ஐந்தாவது வரை நான் வீட்டுக்குப் பக்கத்திலேயே தமிழில் படித்தேன். ஆறாவதுக்கு நைனாவுக்கு திடீரென்று ஞானம் வந்துவிட்டது. “தமிழ் பட்ச்சிக்கினு இங்க என்னா வேல கெடைக்கும்? ஆபீஸுக்குப் போனா எல்லாம் தெலுங்கு” என்றார். ஜூன் மாதம் ஒரு டிரங்குப் பெட்டியோடும் ஒரு பை நிறையக் கலர் நூல் துண்டுகளோடும் என்னைப் பஸ் ஏற்றினார். நூல் துண்டுகள் தறியில் மிஞ்சும் கழிவு. ரிப்பனுக்குப் பதிலாகப் பின்னிக்கொள்ளட்டும் என்று அம்மா திணித்து அனுப்பியது.

ஹாஸ்டலில் ஆறாம் வகுப்புப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே ஹால். எல்லோரும் தெலுங்கு. எனக்குத் தெலுங்கு கடைத்தெரு அளவுக்குத்தான் வரும். வாயைத் திறந்தால் பத்து வார்த்தையில் நான்கு தமிழாக விழும். தமிழை அங்கே அரவம் என்பார்கள். இரண்டாம் நாளே என் பெயர் போய், நான் அரவப் பிள்ளையானேன். அதில் பெரிய கொடுமை ஒன்றும் இல்லை, கேலிதான். ஆனால் கேலிக்குப் பதில் கேலி சொல்ல மொழி வேண்டுமே. அதனால் பேசுவதைக் குறைத்தேன். குறைத்துக் குறைத்து, தசராவுக்குள் ஒரு நாளைக்கு எத்தனை முறை வாய் திறந்தேன் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம் என்ற அளவுக்கு வந்துவிட்டேன்.

என் பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி இருந்தாள். வரதய்யபாளையத்துக்காரி. மெலிந்த உடம்பு, நீண்ட பின்னல். நன்றாகத் தெலுங்கு பேசுவாள், என்னை அரவம் என்று கூப்பிட மாட்டாள், வேறு எப்படியும் கூப்பிட மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் பார்க்க வரும் நாளில் மற்றவர்கள் அம்மாவைக் கையைப் பிடித்து ஹாலுக்குள் அழைத்து வந்து கட்டிலைக் காட்டுவார்கள். இவள் மட்டும் கேட்டுக்கு ஓடிப்போய் அங்கேயே நின்று பேசி அனுப்பிவிடுவாள். கர்வம் பிடித்தவள், அம்மா ஏழை என்று வெட்கப்படுகிறாள் என்று நான் தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன்.

டிசம்பர் வந்ததும் அந்த ஹாஸ்டலில் ஒரு விளையாட்டு நடக்கும். எல்லோர் பெயரையும் சீட்டில் எழுதி ஒரு கிண்ணத்தில் போடுவார்கள். நீங்கள் யாருடைய சீட்டை எடுக்கிறீர்களோ அவளுக்கு நீங்கள் கிறிஸ்துமஸ் அம்மா, அவள் உங்கள் பிள்ளை. ஒரு வாரம் தினமும் அவள் தலையணைக்கு அடியில் ரகசியமாக ஒரு பரிசு வைக்க வேண்டும். கூடவே ஒரு சின்னச் சீட்டில், அம்மா சொல்வது மாதிரி ஒரு புத்திமதி. கடையில் வாங்கிய எதுவும் கூடாது, கையால் செய்ததுதான் செல்லும். விடுமுறைக்கு முந்தின மாலை எல்லோரும் எழுந்து நின்று தன் பிள்ளை யார் என்று சொல்லி, கடைசிப் பரிசாக ஒரு பலகாரப் பொட்டலம் கொடுப்பார்கள். ஹாலில் முக்கால்வாசிப் பேர் இந்துப் பிள்ளைகள்தான். பரிசு என்றால் மதம் என்ன, கரும்பு தின்னக் கூலியா என்று எல்லோரும் குதித்தார்கள்.

கிண்ணம் கட்டில் வரிசைப்படி வந்தது. என் கட்டில் கடைசி. எனக்கு முன்னால் வரதய்யபாளையத்துக்காரி எடுத்தாள். கிண்ணம் என்னிடம் வந்தபோது ஒரே ஒரு சீட்டு கிடந்தது. பிரித்தேன். என் பெயர்.

தன் பெயரே வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை வார்டன் மேடம் முன்பே சொல்லியிருந்தார். எழுந்து நின்று சொல்ல வேண்டும், யாராவது ஒருத்தி தன் சீட்டை மாற்றிக்கொள்வாள். எனக்கு அது நன்றாகவே புரிந்திருந்தது. ஆனால் சற்று முன்பு ஜன்னலோரக் கட்டில்காரி தன் சீட்டைப் பிரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கியதையும், பக்கத்தில் இருந்தவளிடம் “மாத்திக்கலாமா” என்று சைகை காட்டியதையும் நான் பார்த்திருந்தேன். நான் எழுந்து நின்று என் பெயரை நீட்டினால், வாங்கிக்கொள்ள யார் வருவார்கள்? எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். மேடம் யாரையாவது அதட்டி வாங்க வைப்பார். வாங்குகிறவள் உதட்டைப் பிதுக்குவாள். சீட்டை மடித்துப் பாவாடை இடுப்பில் சொருகிக்கொண்டேன். இனிமேல் என் பெயர் யார் கைக்கும் போகாது என்று ஒரு நிம்மதிகூட வந்தது.

அம்மா ஆவது எளிதாக இருந்தது. பள்ளி விட்டதும் துணி காயப்போடும் மொட்டைமாடிக்குப் போவேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, கழிவு நூலில் அரக்கும் பச்சையுமாக ஒரு கைக்கயிறு பின்னினேன். அடுத்த நாள் பழைய காலண்டர் தாளை முக்கோணமாக வெட்டி, சோற்றுப் பருக்கை தடவி உருட்டி, நூலில் கோத்து ஒரு மணிமாலை. அதற்கடுத்த நாள் மெஸ்ஸிலிருந்து கொஞ்சம் புளியும் வெல்லமும் உப்பும் தேற்றி, கல்லில் நசுக்கி, ஈர்க்குச்சியில் உருட்டி வைத்த புளி மிட்டாய். புத்திமதிக்கும் பஞ்சமில்லை. தெலுங்குப் பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நீதி வாக்கியங்கள் வரிசையாக இருந்தன. என் கையெழுத்து என்று தெரியாமலிருக்க இடது கையால் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினேன். முதல் நாள் எனக்கு நான் சொல்லிக்கொண்ட புத்தி, எப்போதும் உண்மையே பேச வேண்டும்.

காலையில் எல்லோரும் தலையணையைத் தூக்கிக் கூச்சல் போடும்போது நானும் தூக்குவேன். “ஐயோ!” என்பேன். கையில் கட்டிக்கொள்வேன். நாலு பேர் வந்து பார்ப்பார்கள். இந்தக் கயிறு எங்கே கற்றாளோ, என்ன நேர்த்தி, உனக்கு நல்ல அம்மாதான் என்று சொல்வார்கள். ஆறு மாதத்தில் முதல் தடவையாக என் கட்டிலுக்கு ஆள் வந்தது. நான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட பெருமையில் இருந்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், மூன்றாம் நாள் அந்தப் புளி மிட்டாயை எனக்கு யாரோ கொடுத்ததாகவே நம்பித்தான் சப்பினேன்.

அன்று மாலை மாடியில் ஒரு அட்டையில் நூல் சுற்றி நட்சத்திரம் செய்துகொண்டிருந்தபோது, பக்கத்துக் கட்டில்காரி காய்ந்த துணி எடுக்க வந்தாள். என்னையும் பார்த்தாள், மடியில் இருந்த நட்சத்திரத்தையும் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் துணியை உருவிக்கொண்டு இறங்கிப் போனாள். என் பிள்ளைக்குச் செய்கிறேன் என்று நினைத்திருப்பாள் என எண்ணிக்கொண்டேன். மறுநாள் காலை அதே நட்சத்திரத்தை என் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து நான் “ஐயோ!” என்றபோது அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு பாதியில் நின்றது.

ஐந்தாம் நாள்தான் தவறு செய்தேன். அது ஞாயிற்றுக்கிழமை. போனில் பேசும் நாள். அம்மா தறிக்கொட்டகையிலிருந்து பேசினாள். பின்னால் தறி ஓடும் சத்தத்தில் அவள் பேசுவது எனக்குக் கேட்கவில்லை, நான் பேசுவது அவளுக்குக் கேட்கவில்லை. “ஆங்? ஆங்?” என்றே நேரம் போய், அடுத்தவள் போனுக்குக் கை நீட்டிவிட்டாள். மாடிக்குப் போய்ப் புத்திமதி எழுத உட்கார்ந்தேன். நீதி வாக்கியம் வரவில்லை. அம்மா எழுதுவது என்றால் எனக்குத் தெலுங்கே வரவில்லை. தமிழில் எழுதினேன். தலைக்கு எண்ணெய் வை. ரிப்பனைத் தொலைக்காதே. கணக்கில் கவனம் வேண்டும். இடது கையை எல்லாம் மறந்து, வலது கையாலேயே எழுதி முடித்து, மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஜன்னலோரக் கட்டில்காரி அந்தச் சீட்டை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

“இதேமே, அரவமா?”

ஹால் முழுக்கச் சீட்டு சுற்றி வந்தது. நம் ஹாலில் அரவம் எழுதத் தெரிந்தவள் யார்? ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றேன். அப்போது பக்கத்துக் கட்டில்காரி வந்து சீட்டை வாங்கி என்னிடம் கொடுத்து, கடைசி நாள்வரை கேட்கக் கூடாது, விளையாட்டைக் கெடுக்காதீர்கள் என்று தெலுங்கில் சொன்னாள். “சரி, கடைசி நாள் தெரியும்தானே” என்று ஜன்னலோரக்காரி சிரித்தாள்.

கடைசி நாள் எல்லோரும் அவரவர் பிள்ளையைச் சொல்வார்கள். என்னைச் சொல்ல ஆள் இருக்காது. நான் சொல்லவும் ஆள் இருக்காது. தனக்குத் தானே பரிசு வைத்துக்கொண்ட அரவப் பிள்ளை என்று பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிடும். ஜுரம் வரட்டும் என்று ஏசுவிடமும் வேண்டினேன், கண்ணுக்கு நேரே மலை இருந்ததால் ஏழுமலையானிடமும் வேண்டினேன். இரண்டு பேரும் கைவிட்டார்கள்.

கடைசி நாள் மதியம் மெஸ்ஸில் கவ்வலு செய்தோம். மைதாவைப் பிசைந்து சுண்டைக்காய் அளவு உருட்டி, புதுச் சீப்பின் பற்கள்மேல் வைத்துக் கட்டைவிரலால் இழுத்தால், வரி வரியாகச் சோழி மாதிரி சுருண்டுகொள்ளும். அதை எண்ணெயில் பொரித்து வெல்லப்பாகில் புரட்டுவார்கள். ஆளுக்கு ஒரு பிடி. அதைத் தன் பிள்ளைக்காகப் பேப்பரில் பொட்டலம் கட்ட வேண்டும். பெண்கள் எல்லோரும் பொட்டலத்தை மறைத்து மறைத்துக் கட்டிச் சிரித்தார்கள். நானும் ஒன்று கட்டினேன். அத்தனை பேருக்கு நடுவில் அந்தப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் இருந்தது எனக்கு மட்டும்தான்.

மாலை ஜெபம் முடிந்ததும் கட்டில் வரிசைப்படி ஒவ்வொருத்தியாக எழுந்தாள். பெயர் சொன்னாள், பொட்டலம் கொடுத்தாள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பக்கத்துக் கட்டில்காரிக்கும் ஒருத்தி வந்து கொடுத்தாள். அவளும் தன் முறை வந்ததும் கதவோரக் கட்டில்காரிக்குக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கடைசியாக நான். எழுந்து நின்றேன்.

“நீ பிள்ள எவரு?” என்றார் மேடம். உன் பிள்ளை யார் என்று அர்த்தம்.

பொட்டலத்தில் பாகு கசிந்து விரலில் ஒட்டியது. இவளுக்கு யாரும் கொடுக்கவில்லையே என்று யாரோ சொன்னார்கள். ஜன்னலோரக்காரி பக்கத்தில் இருந்தவள் காதில் ஏதோ சொல்ல, சிரிப்பு ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குத் தாவத் தொடங்கியது. மேடம் இன்னொரு முறை கேட்டார். எனக்கு அந்த ஹால் தரை பிளந்தால் தேவலை போலிருந்தது.

“நேனே மேடம்” என்று பக்கத்தில் ஒரு குரல். அவள் எழுந்து நின்றாள்.

இவளுக்கும் அம்மா நான்தான் என்றாள். சீட்டு எடுக்கும்போது இரண்டு ஒன்றாக ஒட்டிக்கொண்டு வந்தன, பயந்துகொண்டு சொல்லவில்லை, அதனால்தான் கிண்ணம் இவளிடம் வந்தபோது ஒன்றும் இல்லை, புதுப் பிள்ளை, சொல்லத் தெரியாமல் இருந்துவிட்டாள் என்று நிறுத்தாமல் தெலுங்கில் சொல்லி முடித்தாள். ஜன்னலோரக்காரி விடவில்லை. அந்தச் சீட்டு அரவத்தில் இருந்ததே, உனக்கு அரவம் வராதே என்றாள்.

அவள் பின்னல் நுனியை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு, “வரும். எங்கள் வீட்டில் அதுதான் பேச்சு” என்று தெலுங்கிலேயே சொன்னாள்.

யாரோ ஓடிப்போய் என் தலையணை உறையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துவந்தார்கள். மேடம் அதை அவளிடம் நீட்டி, “சதுவு” என்றார். படி என்று அர்த்தம். அவள் சீட்டைப் பிரித்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். என் பக்கம் பார்க்காமல் படித்தாள்.

“அழுவாத. நல்லா துன்னு. நைனா நெனப்பு வந்தா என்னாண்ட சொல்லு. நா பக்கத்துலயேதான் கீறேன்.”

எங்கள் தெருவில் பேசுகிற தமிழ், அப்படியே. ஆனால் நான் எழுதியது அது இல்லை. எண்ணெய் எங்கே, ரிப்பன் எங்கே, கணக்கு எங்கே? நான் எழுதியதில் ஒரு வார்த்தைகூட அவள் படித்ததில் இல்லை. அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான், நானோ வாயைத் திறக்க முடியாமல் நிற்கிறேன். மேடம் நம்பிவிட்டார். இரண்டு சீட்டு எடுத்து ஒளித்ததற்கும், புதுப் பிள்ளையை ஒரு வாரம் சும்மா உட்கார வைத்ததற்கும் அவளைத் திட்டினார். இவளுக்குப் பொட்டலம் எங்கே என்று கேட்டார். அவளிடம் இருந்தது அவளுக்கு வந்த பொட்டலம் ஒன்றுதான். அதை என் கையில் கொடுத்தாள். பாட்டுப் பாடி முடியும்வரை அவளை ஓரமாக நிற்க வைத்தார் மேடம்.

நான் தப்பித்தேன். ஆனால் எனக்கு நன்றி வரவில்லை, கோபம் வந்தது. என் கைக்கயிறு, என் மணிமாலை, என் நட்சத்திரம், எல்லாவற்றுக்கும் இனி அவள் பெயர். அதைவிடப் பெரிய எரிச்சல் வேறு. ஆறு மாதம் பக்கத்திலேயே தமிழை வைத்துக்கொண்டு, நான் ஊமை மாதிரி இருந்ததைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாளே. ஓரமாக நின்றவளைப் பார்த்து, நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். ஜன்னலோரக்காரி அதற்குள் அவளையும் அரவம் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். அதிலும் எனக்குச் சந்தோஷம்தான்.

மறுநாள் காலை பெட்டி கட்டும்போது அவளிடம் போய் நின்றேன்.

“அதெல்லாம் நான் பண்ணது. சீட்டும் நான் எழுதனது. நீ படிச்சது ஒண்ணுகூட அதுல இல்ல.”

“தெரியும்” என்றாள். “எனக்குத் தமிழ் படிக்க வராது. பேசத்தான் வரும்.”

“அப்ப எதுக்குப் படிச்ச?”

அவள் பெட்டியின் கொண்டியை மாட்டிக்கொண்டே சொன்னாள். “நீ நின்னுக்கினே இருந்தியே.”

இது ஒரு பதிலா என்று எனக்குத் தோன்றியது. கையும் களவுமாகப் பிடிபட்டால் இப்படித்தான் உளறுவார்கள் என்று எண்ணிக்கொண்டேன். நைனா வந்தார். புத்தூர் தாண்டுவதற்குள் இரண்டு பொட்டலத்தையும் பஸ்ஸிலேயே தின்று தீர்த்தேன். அவளுடையதில்தான் பாகு பதமாக இருந்தது.

பொங்கல் முடிந்து திரும்பியபோது ஹாலில் இரண்டு அரவங்கள் என்று ஆகியிருந்தது. அவள் அம்மா வந்தால் இப்போது உள்ளேயே வந்து கட்டிலில் உட்கார்ந்து, என் அம்மா மாதிரியே உரக்கத் தமிழில் பேசிவிட்டுப் போனாள். தினமும் மெஸ்ஸிலிருந்து வந்து படுக்கையை விரிக்கும்போது அவள் என் பக்கம் திரும்பி, “துன்னியா?” என்று கேட்பாள். ஏப்ரலில் பள்ளி மூடும்வரை ஒரு நாள் விடாமல் கேட்டாள். அடுத்த வருடம் அவள் வரவில்லை, அவள் ஊர்ப் பக்கமே ஏதோ பள்ளியில் சேர்த்துவிட்டார்கள் என்றார்கள்.

ஜூனிலிருந்து டிசம்பர்வரை, அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்க ஒரே ஒரு ஆள் கிடைத்தால் போதும் என்று ஏங்கியவள் நான். கேட்க ஆள் வந்ததும், நான் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல், “தின்னானு” என்று சுத்தமான தெலுங்கில் பதில் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.